நட்சத்திரங்களை வாங்குவதா, வளர்ப்பதா?

2019 ஜூலையில், அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணி ஒரே மூச்சில் இரண்டு பெரிய ஆட்டக்காரர்களைப் பிடித்தது. டொராண்டோவுக்கு அப்போதுதான் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்த காவாய் லெனார்ட் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது ஒப்பந்தம் முடிந்து தானே அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆளாக, வந்தார். பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள் இருக்கட்டும் என்று, ஓக்லஹோமா சிட்டி தண்டரிடமிருந்து பால் ஜார்ஜை டிரேடில், அதாவது பண்டமாற்றில், எடுத்தார்கள். அதற்குக் கொடுத்தது கொஞ்சமில்லை. 21 வயதுகூட நிறையாத ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், அவருடன் டானிலோ கலினாரி, டிராஃப்டில் (ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) ஐந்து முதல் சுற்று வாய்ப்புகள், அந்த வரிசையில் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை இரண்டு.

ஆறு வருடம் கழித்து, 2025 ஜூனில், தண்டர் என்பிஏ சாம்பியன். அந்த சீசனில் 82 ஆட்டத்தில் 68 வெற்றி. ஷாய்தான் லீக்கின் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்), இறுதித் தொடரின் எம்விபியும் அவரே. அவருக்குத் துணையாக நின்ற ஜேலன் வில்லியம்ஸ், கிளிப்பர்ஸ் கொடுத்த அந்த ஐந்து வாய்ப்புகளில் ஒன்றில் 2022இல் தேர்வானவர். கிளிப்பர்ஸ் பக்கம் என்ன கிடைத்தது? 2021இல் ஒருமுறை மேற்குப் பிரிவு இறுதி, அதாவது இறுதித் தொடருக்கு முந்தைய கட்டம். அது அந்த அணியின் வரலாற்றிலேயே முதல்முறை என்பதால் சின்ன விஷயமில்லைதான். ஆனால் இறுதித் தொடரைத் தொடவில்லை. 2024இல் பால் ஜார்ஜ் ஒப்பந்தம் முடிந்து பிலடெல்பியாவுக்குப் போனார், பதிலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த ஒரு டிரேடை வைத்தே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அது சரியாகாது. நட்சத்திரங்களைக் கூட்டிச் சேர்த்து ஜெயித்த அணிகளும் உண்டு, பொறுமையாக வளர்த்தும் வெறுங்கையோடு நின்ற அணிகளும் உண்டு. ஓர் அணி நிர்வாகம் எப்போது எந்தப் பாதையைப் பிடிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. இத்தனை பேர் கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் ஏன் அணிகள் நட்சத்திரங்களின் பின்னால் ஓடுகின்றன? கூடைப்பந்தின் அமைப்பே அப்படி. கிரிக்கெட்டில் எவ்வளவு பெரிய பேட்ஸ்மேனும் முதல் பந்திலேயே அவுட்டானால் மீதி நேரம் பெவிலியனில்தான். டி20இல் உலகின் சிறந்த பவுலருக்கும் நான்கு ஓவர்தான். கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்தே பேர். 48 நிமிட ஆட்டத்தில் பெரிய ஆள் 40 நிமிடம் வரை ஆடலாம், ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்குப் போகலாம், எதிர்முனையில் எதிரணியின் சிறந்த ஆளை அவரே மறித்தும் ஆடலாம். ஒருவர் மாறினாலே அணி மாறிவிடும் ஆட்டம் இது. அப்புறம் மூன்று பேர் ஒன்றாக வந்தால் என்ன ஆகும் என்ற ஆசை வருவது இயற்கை.

அந்த ஆசை பலித்த இடங்களையும் சொல்ல வேண்டும். 2006–07 சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸ் ஜெயித்தது 24 ஆட்டம், தோற்றது 58. அந்தக் கோடையில் ரே ஆலனையும், மின்னசோட்டாவுக்கு ஐந்து ஆட்டக்காரர்களையும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து கெவின் கார்னெட்டையும் கொண்டுவந்தார்கள். ஏற்கனவே இருந்த பால் பியர்ஸோடு மூவரானார்கள். அடுத்த சீசனில் 66 வெற்றி, 16 தோல்வி, கோப்பை. ஒரே வருடத்தில் இப்படி ஓர் ஏற்றத்தை வளர்ப்புப் பாதையில் எவராலும் தர முடியாது. வேகம்தான் நட்சத்திரப் பாதையின் முதல் லாபம்.

இதைவிட நல்ல உதாரணம் மயாமி ஹீட். 2010இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் டுவெயின் வேடுடன் சேர்ந்தபோது அமெரிக்காவில் பாதிப் பேர் திட்டினார்கள். முதல் 17 ஆட்டங்களில் 9 வெற்றி, 8 தோல்வி. அந்த சீசன் இறுதித் தொடரில் டர்க் நோவிட்ஸ்கி என்ற ஒரே பெரிய ஆளையும் அனுபவசாலிகளையும் வைத்திருந்த டல்லஸ் அவர்களை 4–2 என்று தோற்கடித்தது. ஆனாலும் அந்த மூவர் கூட்டணி நான்கு வருடத்தில் நான்கு இறுதித் தொடர் ஆடி இரண்டு கோப்பைகளை எடுத்தது.

இரண்டாவது கோப்பை எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2013 ஜூன் 18, சான் அன்டோனியோவுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், தொடரில் மயாமி 2–3 என்று பின்தங்கியிருக்கிறது. அரை நிமிடம்கூட இல்லை, ஐந்து புள்ளி குறைவு. கோப்பை வழங்கும் விழாவுக்காக ஊழியர்கள் களத்தின் ஓரம் மஞ்சள் கயிறு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். லெப்ரான் ஒரு மூன்று புள்ளி போடுகிறார், அடுத்த வாய்ப்பில் தவறவிடுகிறார். கூட்டத்துக்கு நடுவே எம்பி அந்த ரீபவுண்டைப் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) பிடித்தது பாஷ். பிடித்த கையோடு வலது மூலைக்குத் தள்ளினார். அங்கே ரே ஆலன், திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னோக்கி நடந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கால் வைத்து எய்தார். 5.2 வினாடி மிச்சம், 95–95. கூடுதல் நேரத்தின் கடைசி எறிதலைத் தடுத்ததும் பாஷ்தான்.

நட்சத்திர அணி எப்போது வேலை செய்யும் என்பதற்கான பதில் அந்தச் சில வினாடிகளுக்குள் இருக்கிறது. டொராண்டோவில் ஆட்டத்துக்கு சராசரி 24 புள்ளி எடுத்தவர் பாஷ். மயாமியில் அது முதல் வருடமே 18.7க்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. பந்து தன் கைக்கு வராது என்று ஏற்றுக்கொண்டு, ரீபவுண்டும் தடுப்பும் தன் வேலை என்று மாறினார். ஆலன் ஒரு காலத்தில் அணியின் முகமாக இருந்தவர், மயாமிக்கு வந்தபோது பெஞ்சிலிருந்து இறங்கி ஆடினார். மூன்று முதலாளிகள் இருந்தால் அணி ஓடாது. ஒருவராவது தன் பெயரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த மனசு யாருக்கு இருக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் முன்கூட்டிச் சொல்லாது. நட்சத்திரப் பாதையின் ஆகப் பெரிய சூதாட்டம் இதுதான் என்பது என் எண்ணம். 2004இல் ஷக்கீல் ஓ'நீல், கோபி பிரயன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் நால்வரும் இருந்த லேக்கர்ஸை, அப்படிப் பெரிய பெயர் எதுவும் இல்லாத டெட்ராய்ட் 4–1 என்று வீழ்த்தியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

சரி, தோற்றால் என்ன இழப்பு? கோப்பை போனதோடு முடிந்துவிடுவதில்லை. புரூக்ளின் நெட்ஸ் 2013இல் செய்ததைப் பாருங்கள். பாஸ்டனின் அதே கார்னெட்டையும் பியர்ஸையும், ஒருவருக்கு 37 வயது, இன்னொருவருக்கு 35, வாங்கிக்கொண்டு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தார்கள். 2017க்கு இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். விதைநெல்லை அவித்துச் சாப்பிட்ட கதை. பிளேஆஃபின் (வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) இரண்டாவது சுற்றோடு அந்த சீசன் முடிந்தது. பியர்ஸ் ஒரே வருடத்தில் கிளம்பினார், கார்னெட்டும் 2015 பிப்ரவரியில் போய்விட்டார்.

என்பிஏவில் மோசமாக ஆடும் அணிக்கு ஓர் ஆறுதல் உண்டு. அடுத்த டிராஃப்டில் நல்ல இளைஞனை முதலில் தேர்ந்தெடுக்கலாம். 2016–17இல் நெட்ஸ் வெறும் 20 ஆட்டம் ஜெயித்து லீக்கிலேயே கடைசியாக வந்தது. ஆனால் அந்தத் தோல்விக்கான பரிசு பாஸ்டனுக்குப் போனது. 2016ஆம் ஆண்டு வாய்ப்பில் பாஸ்டன் எடுத்தது ஜேலன் பிரவுனை. 2017இல் கிடைத்த முதல் இடத்தைப் பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் இன்னொரு முதல் சுற்று வாய்ப்பையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் பாஸ்டன் கோப்பையைத் தூக்கியபோது அந்த இருவரும்தான் அணியின் இரு தூண்கள். புரூக்ளின் ரசிகர்கள் தங்கள் அணி தோற்பதையும் பார்த்தார்கள், அந்தத் தோல்வியால் பக்கத்து நகரம் வளர்வதையும் பார்த்தார்கள். ஒரு ரசிகனுக்கு இதைவிடக் கொடுமையான அனுபவம் இருக்க முடியாது.

அதே நெட்ஸ் 2019இல் மறுபடியும் அதே வழியில் இறங்கியது. கெவின் டுரான்ட், கைரி இர்விங், 2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டன். காகிதத்தில் பார்த்தால் அந்த மூவரையும் யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் வழக்கமான சீசன் ஆட்டங்களில் மூவரும் சேர்ந்து களமிறங்கியது மொத்தம் 16 முறைதான், அதில் 13 வெற்றி. ஆடினால் ஜெயித்தார்கள், ஆடத்தான் முடியவில்லை. 2021 பிளேஆஃபில் மில்வாக்கிக்கு எதிராக ஹார்டனுக்குத் தொடைத் தசைப் பிடிப்பு, இர்விங்குக்குக் கணுக்கால் சுளுக்கு. ஏழாவது ஆட்டத்தில் டுரான்ட் தனியாளாக 48 புள்ளி எடுத்தார். கடைசி ஒரு வினாடியில் அவர் எய்தது மூன்று புள்ளி என்றுதான் அரங்கமே நினைத்தது. காலணியின் நுனி கோட்டை மிதித்திருந்தது. இரண்டு புள்ளி மட்டும், சமநிலை, கூடுதல் நேரத்தில் தோல்வி. அந்த அரை அங்குலம் பின்னால் இருந்திருந்தால் இன்று இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஓர் அணியின் மொத்த எதிர்காலமும் ஒருவரின் கால்விரல் நுனியில் நிற்கும்படி ஏன் கட்ட வேண்டும்? 2023 பிப்ரவரிக்குள் மூவருமே புரூக்ளினை விட்டுப் போய்விட்டார்கள்.

பணக் கணக்கும் சேர்ந்து இடிக்கும். பத்து வருட அனுபவம் உள்ள பெரிய ஆளுக்கு அதிகபட்சச் சம்பளமாக அணியின் சம்பள வரம்பில் (ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் அளவு) 35 சதவீதம் வரை கொடுக்கலாம். அப்படி மூன்று பேர் என்றால் 105 சதவீதம். 15 பேர் கொண்ட அணியில் மீதி 12 பேர் எங்கே? வரம்பைத் தாண்ட விதிகளில் வழிகள் உண்டு, தாண்டினால் வரி கட்ட வேண்டும். பணக்கார முதலாளிகள் வரியைக் கட்டிவிட்டுப் போனார்கள். 2023இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட புதிய ஒப்பந்தம் அந்தக் கதவையும் பாதி மூடிவிட்டது. ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற கோட்டைத் தாண்டினால் பணம் மட்டும் போகாது. இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய ஆளை டிரேடில் வாங்க முடியாது, தொலைதூர ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பும் டிரேடில் கொடுக்க முடியாதபடி முடக்கப்படும். 2025–26க்குச் சம்பள வரம்பு சுமார் 15.5 கோடி டாலர், இரண்டாம் ஏப்ரன் சுமார் 20.8 கோடி டாலர். நடுவில் உள்ள அந்த ஐந்து கோடிக்குள்தான் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டும்.

இந்தப் புதிய விதிகளில் முதலில் சிக்கியது ஃபீனிக்ஸ் சன்ஸ். 2023 பிப்ரவரியில் புரூக்ளினிடமிருந்து டுரான்டை வாங்க மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் உள்ளிட்டவர்களையும் நான்கு முதல் சுற்று வாய்ப்புகளையும் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் பிராட்லி பீலையும் கொண்டுவந்தார்கள். தன் சம்மதம் இல்லாமல் தன்னை டிரேட் செய்யக் கூடாது என்ற விதி பீலின் ஒப்பந்தத்தில் இருந்தது, அதுவும் கூடவே வந்தது. டுரான்ட், ஏற்கனவே அங்கிருந்த டெவின் புக்கர், பீல். முதல் வருடம் 49 வெற்றி, பிளேஆஃப் முதல் சுற்றில் மின்னசோட்டாவிடம் 0–4. இரண்டாம் வருடம் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃபே இல்லை. லீக்கிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த அணி அது. டுரான்ட் ஹூஸ்டனுக்குப் போனார், பீலின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முடித்து அனுப்பினார்கள்.

இனி மறுபக்கம். வளர்ப்பது என்றால் என்ன என்று தண்டர் ரசிகர்களைக் கேட்டால் 2021 டிசம்பர் 2ஆம் தேதியைச் சொல்வார்கள். மெம்ஃபிஸிடம் 152–79. 73 புள்ளி வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே ஆகப் பெரிய தோல்வி. அந்த சீசனில் 24 வெற்றி, அதற்கு முந்தையதில் 22. மேலாளர் சாம் பிரெஸ்டி ஷாயை விற்கவில்லை, வயதான நட்சத்திரத்தை வாங்கவும் இல்லை. யாரும் தேர்வு செய்யாத லூ டோர்ட்டைக் களத்தில் விட்டு வளர்த்தார்கள். 2022இல் செட் ஹோம்கிரனும் ஜேலன் வில்லியம்ஸும் வந்தார்கள். ஹோம்கிரன் முதல் சீசன் முழுவதையும் காயத்தால் இழந்தார், காத்திருந்தார்கள். அப்புறம் 40, 57, 68 என்று வெற்றிகள் ஏறின. 57 வெற்றி வந்த பிறகுதான் வெளியிலிருந்து முக்கியமான ஆட்களை எடுத்தார்கள், அப்போதும் நட்சத்திரத்தை அல்ல. தடுப்பாட்டத்துக்கு அலெக்ஸ் கருசோ, உயரத்துக்கு ஐசையா ஹார்டன்ஸ்டைன்.

டென்வரும் அப்படித்தான். 2014 டிராஃப்டில் நிகோலா யோகிச்சின் பெயரை 41ஆவதாக அறிவித்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 2021இல் ஜமால் மர்ரேயின் முழங்கால் தசைநார் கிழிந்தது, அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. அணியைக் கலைக்காமல் காத்திருந்தார்கள், 2023இல் கோப்பை. இங்கேதான் வளர்த்த அணியின் பலத்தைப் பார்க்கிறேன். 24 வயது ஆளுக்குக் காயம் பட்டால் காத்திருக்கலாம். 35 வயது ஆளுக்குப் பட்டால் காத்திருக்கக் காலம் இல்லை. இரண்டு பாதையிலும் காயம் வரும், ஒன்றில்தான் அதற்கு மருந்து இருக்கிறது.

ஆனால் வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு தோற்றுக்கொண்டே இருப்பதும் ஒரு நோய். பிலடெல்பியா 2013 முதல் மூன்று சீசன்களில் 19, 18, 10 என்று ஜெயித்தது. கிட்டத்தட்ட வேண்டுமென்றே. ஜோயல் எம்பீட் கிடைத்தார், மறுக்கவில்லை, அவர் 2023இல் எம்விபியும் ஆனார். ஆனால் முதல் இரண்டு சீசனைக் காயத்தால் இழந்தவர் அதன் பிறகும் காயத்தோடுதான் போராடினார். 2017இல் பாஸ்டனிடமிருந்து வாங்கிய அந்த முதல் இடத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தார்கள், டேட்டம் பாஸ்டனுக்குப் போனார். 2025 வரை எம்பீட்டை வைத்து இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. பொறுமை போய் 2024இல் பால் ஜார்ஜுக்கு நான்கு வருடத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அந்த சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. இரண்டு பாதையின் இழப்பையும் ஒரே அணி அனுபவித்தது. இளைஞர்களைச் சேர்ப்பது மட்டும் வளர்ப்பது ஆகாது. கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர், கூடவே ஆடும் ஒழுங்கான மூத்த ஆட்டக்காரர், தோற்கும் போதும் முறையாக ஆடும் பழக்கம், இவையெல்லாம் வேண்டும். வருடக்கணக்கில் தோற்கும் அணிக்கு டிக்கெட் வாங்கி உட்காரும் ரசிகர்களின் காலமும் ஒரு விலைதான், நிர்வாகங்கள் அதைக் கணக்கில் எழுதுவதில்லை.

வளர்த்தால் பணத் தொல்லை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இதே தண்டர் (முதல் இரண்டு முறை சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் என்ற பெயரில்) 2007, 2008, 2009 டிராஃப்ட்களில் வரிசையாக டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் என்று மூன்று வருங்கால எம்விபிகளை எடுத்தது. 2012இல் இறுதித் தொடர் ஆடியது. அதே வருட அக்டோபரில் சம்பளம் ஒத்துவராமல் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பிவிட்டது. அந்த மூவரும் சேர்ந்து ஒரு கோப்பைகூட எடுக்கவில்லை. வளர்த்த பிள்ளைகளும் ஒருநாள் பெரிய ஆட்களின் விலை கேட்பார்கள், கேட்பது நியாயம்தான்.

இரண்டுக்கும் நடுவே கோல்டன் ஸ்டேட் இருக்கிறது. ஸ்டீஃபன் கரி, கிளே தாம்ப்சன், டிரேமண்ட் கிரீன் மூவரும் அவர்களே டிராஃப்டில் எடுத்தவர்கள், கிரீன் 35ஆம் இடத்தில். 2015இல் கோப்பை, 2016இல் 73 வெற்றி. அதற்குப் பிறகு டுரான்ட் வந்தார், 2017, 2018 கோப்பைகள் வந்தன. அவர் போன பிறகு, 2022இல், பழைய மூவரே இன்னொரு கோப்பையையும் எடுத்தார்கள். டுரான்டை அவர்களால் வாங்க முடிந்ததற்கு இரண்டு தற்செயல்கள் காரணம். கரி அப்போது தன் தகுதிக்கு மிகக் குறைவான பழைய ஒப்பந்தத்தில் இருந்தார். 2016இல் புதிய டிவி ஒப்பந்தத்தால் சம்பள வரம்பு 7 கோடி டாலரிலிருந்து 9.4 கோடிக்கு ஒரே தாவலில் ஏறியது. இதை இன்னொரு அணி அப்படியே செய்துபார்க்க முடியாது. ஆனால் வரிசையைப் பார்க்கலாம்: முதலில் சொந்த ஆட்கள், அவர்களோடு பல வருட ஆட்டம், கடைசியில் வெளியிலிருந்து ஒருவர்.

அதனால் என் முடிவு இது. சொந்தமாக வளர்ந்த இரண்டு மூன்று பேர் பிளேஆஃப் வரை அணியைக் கொண்டுபோய்விட்டார்கள், அதற்கு மேல் ஒரு படி ஏறவில்லை என்றால், அப்போது ஒரே ஒரு நட்சத்திரத்தை வாங்கலாம். அவருக்காகக் கொடுப்பது அந்த இரண்டு மூன்று பேராக இருக்கக் கூடாது. நான்கைந்து வருடத்தின் டிராஃப்ட் வாய்ப்புகளை மொத்தமாக எழுதிக் கொடுக்கவே கூடாது. முன்பு இருந்த அணியில் அவர் எப்போதாவது பந்தை விட்டுக்கொடுத்து ஆடியிருக்கிறாரா என்று பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். அணியில் ஒன்றுமே இல்லாதபோது மூன்று பெரிய பெயர்களை வாங்கி ஆரம்பிப்பதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன். பியர்ஸ் ஒருவரை வைத்துக்கொண்டு இருவரை வாங்கிய பாஸ்டன் 2008 அதற்கு நெருங்கிய விதிவிலக்குதான். ஆனால் அந்தக் காலத்தில் இரண்டாம் ஏப்ரன் இல்லை.

இப்படிப் பார்த்தால், 2025 கோடையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அல்பெரென் ஷெங்குன், அமென் தாம்ப்சன், ஜபாரி ஸ்மித் என்று இளைஞர்களை வைத்து 52 ஆட்டம் ஜெயித்துவிட்டு, முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்ற அணி. கடைசி நிமிடங்களில் நம்பிப் பந்தைக் கொடுக்க ஓர் ஆள் இல்லை என்பது அந்தத் தொடரில் பளிச்சென்று தெரிந்தது. டுரான்டுக்காக ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், பத்தாவது டிராஃப்ட் இடம், சில இரண்டாம் சுற்று வாய்ப்புகள் கொடுத்தார்கள். அந்த மூன்று இளைஞர்களையும் தொடவில்லை. செப்டம்பரில் டுரான்டுக்கு 37 வயது நிறைந்தது, அதே மாதம் ஃப்ரெட் வான்வ்லீட்டின் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனாலும் டுரான்டின் கால் நாளைக்கே ஒத்துழைக்க மறுத்தாலும் தாம்ப்சனும் ஷெங்குனும் ஹூஸ்டனில்தான் இருப்பார்கள். இந்த டிரேடில் நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.